பறிக்கப்பட்ட முரசும் தோளில் மாட்டப்பட்ட பறையும்

(திருமழிசையில் இசைத்தட்டு சேகரிக்கும் நண்பர்களும் மாணவர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

இன்னிக்கு என்னென்ன தட்டு போட்டோம் என்பதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். அது இந்தக் கூட்டத்தின் வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த மாடி அறையில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். அவரவர் வைத்திருக்கிற ஜாஸ், ப்ளூஸ் தட்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து போடுகிறோம். போட்டவர் அதைப்பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். எங்களில் மூத்தவர் ஆவடியிலிருந்து வருகிற ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். மூர் மார்க்கெட்டில் குந்தி உட்கார்ந்து பழைய தட்டு பொறுக்கியவர். 1985இல் அந்த மார்க்கெட் எரிந்தபோது நான் பிறக்கவே இல்லை. இந்த பிளேயர் அவருடையது. ஊசி மட்டும் நாங்கள் காசு போட்டு வாங்கியது.

வழக்கமாக ஏழெட்டுப் பேர். இன்று மாணவர்கள் நீங்கள் முப்பது பேர் வந்திருக்கிறீர்கள். ‘கறுப்பர் இசையும் நாமும்’ என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொல்லிவிட்டீர்கள். நான் இசை படித்தவன் இல்லை. பேங்கில் கிளார்க். கவிதை எழுதுகிறவன். தட்டு கேட்கிறவன். கேட்டதில் எனக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல முடியும். அதில் ஒரு குற்ற ஒப்புதலும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது நாம் போடுகிற எல்பி தட்டுகள் வினைல். 1948க்குப் பிறகு வந்தவை. அதற்கு முன்பு இருந்தது 78 சுற்றுத் தட்டு. கீழே போட்டால் அப்பளம் மாதிரி உடையும். அது எதனால் செய்யப்பட்டது தெரியுமா? அரக்கு. புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு கசியவிடுகிற பிசின். அந்த அரக்கில் பெரும்பகுதி உலகத்துக்கு இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் முண்டாக்களும் ஒராவோன்களும் கிளையை வெட்டிச் சுரண்டி எடுத்துக் கொடுத்தது. 1942இல், யுத்த காலத்தில், அரக்கு வரத்துக் குறைந்துபோய் அமெரிக்க அரசாங்கம் தட்டுக் கம்பெனிகளுக்கு ரேஷன் போட்டது. பழைய தட்டைக் கொடு, உருக்கிப் புதுசு பண்ணுகிறோம் என்று ஜனங்களிடம் கேட்டார்கள்.

ஆக, மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டுக்காரன் குரல் நம் ஆதிவாசி சுரண்டிய அரக்கில்தான் கீறப்பட்டது. பாடியவனுக்கு அவளைத் தெரியாது. அரக்கு எடுத்தவளுக்கு அவன் பாட்டுத் தெரியாது. இடையில் இருந்த வியாபாரிக்கு இரண்டு பேரையும் தெரியும். இதை நான் கவிதையாக்க முயன்று தோற்றிருக்கிறேன். கணக்காகச் சொன்னால்தான் சரியாக இருக்கிறது.

இன்று முதலில் போட்டது பெஸ்ஸி ஸ்மித். 1927 பிப்ரவரியில் பாடிய ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’. பியானோ ஜேம்ஸ் பி. ஜான்சன். நம்மிடம் இருப்பது 1970களில் மறுபதிப்பாக வந்த எல்பி. வெள்ளம் வருகிறது, வீடு போகிறது, படகில் ஏற்றுகிறார்கள், போக இடமில்லை. இவ்வளவுதான் பாட்டு. ப்ளூஸின் கட்டமைப்பு எளிமையானது. பன்னிரண்டு அளவு கொண்ட ஒரு சுற்று. ஒரு வரியைச் சொல்லி, அதையே திரும்பவும் சொல்லி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில். ஏன் இரண்டு முறை? முதல் முறை சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது என்கிற அனுபவத்தால் வந்த அழகியல் அது என்று நான் நினைக்கிறேன். நம்ம ஜனம் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் பேசுகிற மாதிரி.

இந்தப் பாட்டு வந்த இரண்டு மாதத்தில், 1927 ஏப்ரலில், மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்தது. ஜனங்கள் அந்த வெள்ளத்தின் பாட்டாகவே இதை எடுத்துக்கொண்டார்கள். அந்த வெள்ளத்தில் கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் கரை கட்ட நிறுத்தினார்கள். நிவாரண முகாமிலும் அவர்களுக்குக் காவல். வெளியே போக அனுமதிச் சீட்டு.

இதை நான் முதலில் கேட்டது 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்த மாதத்தில். செம்பரம்பாக்கம் ஏரி இங்கிருந்து கூப்பிடு தூரம். ஏரியைத் திறந்துவிட்டார்கள், அடையாற்றங்கரைக் குடிசைகள் போயின. அந்த ஜனங்களில் பலரைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நகரத்தின் நாற்றத்தை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரி லாரியாக இறக்கினார்கள். அவர்கள் யார் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறை இல்லாமல் அள்ளினார்கள். ராத்திரி கல்யாண மண்டபங்களில் படுத்தபோது அவர்கள் என்ன பாடினார்கள், என்ன பேசினார்கள்? நான் போய்க் கேட்கவில்லை. அந்த மாதம் நான் பெஸ்ஸி ஸ்மித் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெஸ்ஸி ஸ்மித்துக்கு முன்பு ஒரு மேமி ஸ்மித். 1920இல் ஓகே கம்பெனிக்கு ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடினார். கறுப்பினப் பெண் பாடி வந்த முதல் ப்ளூஸ் தட்டு. கறுப்பர் வீட்டில் கிராமபோன் ஏது, யார் வாங்குவான் என்று நினைத்த கம்பெனிகளின் பொதுப்புத்தியை அந்தத் தட்டின் விற்பனை உடைத்தது. உடனே எல்லாக் கம்பெனியும் ஓடி வந்தார்கள். ஆனால் எப்படி வந்தார்கள்? தனிப் பட்டியல் போட்டார்கள். தனி எண் வரிசை. அதற்கு ‘இனத் தட்டுகள்’ என்று பெயர். பாட்டுக்கும் ஊர், சேரி என்று பிரித்தார்கள். 1949 வரைக்கும் விற்பனைப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. பெஸ்ஸி ஸ்மித்துக்குத் தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 125 டாலர் கூலி. விற்பனையில் பங்கு கிடையாது. லட்சக்கணக்கில் விற்றாலும் கூலி கூலிதான். 1937இல் மிஸிஸிப்பியில் கார் விபத்தில் செத்தார். வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரி சேர்க்க மறுத்ததால் செத்தார் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். நேராகக் கறுப்பர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள் என்று பிறகு தெரிந்தது. யோசித்துப் பாருங்கள், மறுக்கக்கூட வேண்டியதில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது வண்டி ஓட்டுகிறவனுக்கே தெரிந்திருக்கிறது. சாதி இப்படித்தான் வேலை செய்யும். அவர் கல்லறைக்கு 1970 வரை கல் கிடையாது. ஜானிஸ் ஜாப்ளின் என்ற வெள்ளைப் பாடகியும், ஒரு காலத்தில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்த ஜுவானிடா கிரீனும் காசு போட்டு நட்டார்கள்.

இரண்டாவது தட்டு மிஸிஸிப்பி ஜான் ஹர்ட். 1928இல் ஓகே கம்பெனிக்குச் சில பாட்டுகள் பாடினார். அதோடு பொருளாதார மந்தம் வந்தது, கம்பெனிகள் படுத்துவிட்டன. அவர் ஊருக்குத் திரும்பி மாடு மேய்த்தார், வயல் வேலை செய்தார். 35 வருஷம். யாருக்கும் தெரியாது. ஆனால் பாடிய தட்டுகளில் ஒன்றில் தன் ஊர் பெயரை வைத்திருந்தார். அவலான். அதைக் கேட்ட ஒரு சேகரிப்பாளர் பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி 1963இல் போய்க் கதவைத் தட்டினார். வந்தவன் போலீஸ் என்று ஹர்ட் பயந்துவிட்டார் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் வீடு தேடி வந்தால் வேறு என்னவாக இருக்கும்? அதே வருஷம் நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானவர் முன் பாடினார். 1966இல் இறந்தார். எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட வாழ்க்கையில் மூன்று வருஷம் உலகம் கேட்டது.

நம் சேகரிப்பாளர்கள் இந்தக் கதையைக் கண் கலங்கச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்தக் குரல்கள் மண்ணாகியிருக்கும் என்பது நிஜம். பாரமவுண்ட் என்று ஒரு கம்பெனி. விஸ்கான்ஸினில் நாற்காலி செய்கிற ஆலைக்காரர்கள் நடத்தியது. கிராமபோன் பெட்டி விற்க வேண்டும், அதற்குத் தட்டு வேண்டும், அதற்காகத்தான் பாட்டு. மா ரெய்னி, சார்லி பாட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லாரும் அங்கே பாடினார்கள். கம்பெனி மூடியபோது மூல உலோகத் தகடுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இன்று நாம் கேட்பது, எவனோ ஒரு கிறுக்கன் கறுப்பர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் ‘பழைய தட்டு இருக்கா’ என்று கேட்டு வாங்கிய தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தது. அதில் கேட்கிற கரகர சத்தம் அந்த வீட்டு ஜனங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதால் வந்தது.

ஆனால் தோழர்களே, கேள்வி இருக்கிறது. தட்டைக் காப்பாற்றியவன், பாடியவனைக் காப்பாற்றினானா? அதே 1960களில் மிஸிஸிப்பியில் ஓட்டுப் பதியப் போன கறுப்பர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். துக்கத்தைச் சேகரிக்கிறவனுக்குத் துக்கம் தீர்ந்துபோனால் நஷ்டம் இல்லையா? இதை மற்றவர்களைப் பார்த்துக் கேட்கவில்லை. என் அலமாரியைப் பார்த்துக் கேட்கிறேன்.

மூன்றாவது தட்டு, மேக்ஸ் ரோச். 1960இல் வந்தது. ‘நாங்கள் வலியுறுத்துகிறோம்’ என்பது தலைப்பு. ‘இப்போதே விடுதலை’ என்கிற தொகுப்பு. உறையை எல்லாரும் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுக் கடையின் மேடை. மூன்று கறுப்பர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வெள்ளைக்காரப் பரிமாறுகிறவன். மூன்று பேரும் திரும்பி நம்மைப் பார்க்கிறார்கள். அந்த வருஷம் பிப்ரவரி முதல் தேதி கிரீன்ஸ்பரோவில் நாலு மாணவர்கள் வெள்ளையர் கடையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் தட்டு இது. இரட்டைக் குவளையைப் பார்த்த எவனுக்கும் இந்த உறைக்கு விளக்கம் தேவையில்லை. இதைக் கையில் வாங்கிய அன்றைக்கு எனக்கு, எங்க ஊர் டீக்கடையில் கொட்டாங்கச்சி இருந்த காலத்தை ஆயா சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

இதில் ஒரு பகுதி வெறும் டிரம்மும் ஒரு பெண் குரலும் மட்டும். அடிப்பது மேக்ஸ் ரோச். குரல் ஆபி லிங்கன். சொல்லே கிடையாது. முதலில் முனகுகிறார். அப்புறம் அலறுகிறார். நிஜமாகவே அலறல். அப்புறம் மூச்சு வாங்கி அடங்குகிறார். இன்றைக்கு அதைப் போட்டபோது உங்களில் சிலர் நெளிந்தீர்கள். இரண்டு பேர் சிரித்தீர்கள். தப்பில்லை. நான் முதலில் கேட்டபோது எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டேன். காரணம் வேறு. முரசும் பெண் அலறலும் சேர்ந்து நான் கேட்டது அது முதல் தடவை இல்லை. எங்க அப்பா பறை அடித்தவர். எங்க ஆயா ஒப்பாரி பாடியவர்.

இதற்கு வருவதற்கு முன் நாலாவது தட்டை முடித்துவிடுகிறேன். ஜான் கோல்ட்ரேன், 1961 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு நிலவறைக் கிளப்பில் வாசித்தது. பெயர் ‘இந்தியா’. இரண்டு பேஸ் வாத்தியங்கள் தம்புரா மாதிரி ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே சாக்ஸபோன் போகிறது. மகத்தான வாசிப்பு. இந்தியா மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். ரவிசங்கர் பெயரைத்தான் 1965இல் பிறந்த மகனுக்கு வைத்தார். இந்த மெட்டே, தட்டில் பதிவான ஒரு வேத ஓதலைத் தழுவியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

நீங்கள் இருப்பது திருமழிசை. இந்த ஊர் ஆழ்வார் கதை உங்களுக்குத் தெரியும். பிரம்பு அறுக்கிற தொழிலாளி எடுத்து வளர்த்த பிள்ளை என்கிறது மரபு. அவர் பெரும்புலியூர்த் திண்ணைக்குப் போனபோது, வேதம் ஓதிக்கொண்டிருந்த பிராமணர்கள் இவன் காதில் விழக்கூடாது என்று நிறுத்தினார்கள். திரும்ப ஆரம்பிக்கப் பார்த்தால் விட்ட இடம் மறந்துபோயிற்று. ஒரு கறுப்பு நெல்லை நகத்தால் கிள்ளிக் காட்டி அவர்தான் எடுத்துக் கொடுத்தாராம். கதையை பக்தர்கள் ஆழ்வாரின் மகிமைக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் கேட்பது அந்த நிறுத்தம். ஒருவன் வந்தால் சத்தம் நிற்கிறது. அப்படி நம் காதிலிருந்து ஒளித்த ஓதல், கடல் தாண்டி அமெரிக்கக் கறுப்பனின் காதுக்கு எல்பியாகப் போயிருக்கிறது. அவர் மேல் பிழையில்லை. தட்டில் எந்த இந்தியா ஏறியதோ அந்த இந்தியாதான் அவருக்குக் கிடைத்தது. சேரி ஏறவில்லை, கிடைக்கவில்லை. 1913இலிருந்து 1916 வரை ஹார்லெமுக்குப் பக்கத்தில் கொலம்பியாவில் அண்ணல் படித்தார். 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு பாய்ஸும் பதில் எழுதினார். தாளில் அந்தப் பாலம் இருந்தது. இசைத்தட்டில் இல்லை.

நான் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பழைய தமிழ்த் தட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். கச்சேரி, நாடகப் பாட்டு, நாதஸ்வரம், காமெடி, சினிமா. பறை என்று பெயர் போட்டு ஒரு தட்டு என் கைக்கு வந்ததில்லை.

சரி, இப்போது என் கதை.

என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் ஜாஸ் கேட்கிறவன் என்று தெரியும். அதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. ‘சார் டேஸ்ட்டே வேற’ என்பார்கள். டிசம்பர் சீசனில் சபாவுக்குப் போகிற ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மணிக்கணக்காகக் கோல்ட்ரேன் பேசுவார். அடிமைகளின் வலி, கறுப்பர்களின் ஆன்மா என்றெல்லாம் உருகுவார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, எங்க அப்பா சாவுக்குப் பறை அடித்தவர் என்றேன். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. ‘ஓ’ என்றார். அப்புறம் மோருக்கு உப்புப் போதவில்லை என்று பேச ஆரம்பித்தார். திண்ணையில் ஓதல் நின்ற கதை எனக்கு ஏன் ஞாபகம் வருகிறது என்று இப்போது புரிகிறதா? எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற ஒடுக்கப்பட்டவனின் இசை ரசனை. எட்டு அடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் அப்பா அடித்தது தீட்டு.

ஆனால் அவரை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை.

ஆயா 2011இல் செத்தாங்க. சுத்துப்பட்டில் பெரிய சாவு என்றால் அவங்களைக் கூப்பிடுவாங்க. ஒரு படி அரிசி, பழைய புடவை, அதுதான் கூலி. நாலு பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு குந்த, ஆயா எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடைசிச் சொல்லைப் பிடித்து இழுப்பார்கள். செத்தவனைப் பாடுகிற மாதிரி ஆரம்பித்து, பாதியில் தன் கதைக்கு வந்துவிடுவாங்க. புருஷன் உதைத்தது, ஆண்டை கூலி குறைத்தது, பெற்ற குழந்தை செத்தது. பிணத்தைச் சாக்காக வைத்து உயிரோடு இருக்கிறவனைக் கேள்வி கேட்கிற கலை அது. ப்ளூஸும் அதுவேதான். ஒரு வித்தியாசம், 78 தட்டுக்கு மூன்று நிமிஷம் கணக்கு. ஆயாவுக்கு விடிகிற வரைக்கும் கணக்கு.

அப்போது நான் காலேஜ் முடித்த சமயம். என் செல்போனில் ரெண்டு ஜிபி மெமரி கார்டு. ஆயாவிடம் போய், பாடு ஆயா, பதிவு பண்ணிக்கறேன் என்றேன். ‘பொணம் இல்லாம இன்னாடா ஒப்பாரி? ஊட்ல பாடினா ஊட்டுக்கு ஆவுமா? சாவுக்கு வா, புடிச்சிக்கோ’ என்றாங்க. நான் சாவுக்குப் போகவில்லை. ஏன்? வெட்கம். கூட்டாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்கிற வெட்கம். கார்டில் இடமும் இல்லை. அதில் பெஸ்ஸி ஸ்மித்தின் நாற்பது பாட்டு இருந்தது. அதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று தெரியும். அழிக்கவில்லை. இதுதான் நான் சொன்ன குற்ற ஒப்புதல்.

காரியம் முடிந்த ராத்திரி அப்பா கேட்டார்: ‘அமெரிக்காக்காரி அழுதா காசு குடுத்துக் கேக்கற. உங்க ஆயா அழுதத என்னிக்குடா கேட்ட?’

இந்த வெட்கம் எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ப்ளூஸ் வந்த காலத்தில் படித்த கறுப்பர்களுக்கும் அது இருந்தது. தேவாலயம் அதைச் சாத்தான் பாட்டு என்றது. மேலே வந்த நடுத்தர வர்க்கம், இது நம்மைக் கேவலப்படுத்துகிறது என்றது. 1926இல் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ் ‘நேஷன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதி, வெள்ளையாக ஆக வேண்டும் என்கிற ஆசைதான் நம் கலைஞன் முன்னால் நிற்கிற மலை என்றார். பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் அந்தப் படித்தவர்களின் மூடிய காதுக்குள் போகட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நம்மிடமும் அந்தத் தைரியத்துக்கு முன்னோடி உண்டு. 1893இல் ரெட்டமலை சீனிவாசன், எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அந்தப் ‘பறையன்’ என்ற பெயரையே பத்திரிகையின் நெற்றியில் எழுதினார்.

ஆகவே பறையை எடு, மேடை ஏற்று, பெருமைப்படு என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மேக்ஸ் ரோச் கேட்ட மறுவாரம் அப்பாவிடம் போய், நம்ம கூட்டத்தில் ஒருநாள் வந்து அடிங்கப்பா என்றேன்.

1990களில் எங்க காலனி இளைஞர்கள் கூடி, இனி ஊர்ச் சாவுக்கு யாரும் பறை எடுக்கக் கூடாது என்று முடிவு பண்ணினார்கள். அப்பா அன்றைக்குப் பறையை இறக்கினவர். மளிகைக் கடையில் சாமான் தரவில்லை. வயலில் வேலை இல்லை. ராத்திரியில் கல் வந்தது. அப்புறம்தான் சிட்கோ தொழிற்பேட்டைக்குக் கூலி வேலைக்கு வந்தார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: ‘நீ பேங்குல பேரேடு எழுதற. ஞாயித்துக்கெழம நாலு பேரு வந்து, எழுதிக் காட்டு, பாத்துட்டுக் கை தட்டறோம்னா எழுதுவியா? அடிக்காம இருக்கறதுக்கு நாங்க வாங்கின அடி உனக்குத் தெரியாது.’

அதற்குப் பிறகுதான் ஒன்றைத் தேடிப் படித்தேன். 1739இல் தெற்குக் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசு அடித்து ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். மறுவருஷமே அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். கையும் காலும் தட்டி, மேசையைத் தட்டி, அந்தத் தாளத்தை ஒளித்துக் காப்பாற்றினார்கள். ஆகவே மேக்ஸ் ரோச் டிரம் முன் உட்காருவது பறித்ததைத் திரும்ப எடுப்பது. நம் கதை நேர் எதிர். நம்மிடமிருந்து யாரும் முரசைப் பறிக்கவில்லை. தோளில் மாட்டிவிட்டார்கள். அங்கே முரசு தடை. இங்கே முரசு கடமை. அங்கே அடிப்பது கலகம். இங்கே அடிக்க மறுத்ததுதான் முதல் கலகம்.

இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அங்கிருந்து கோஷத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. பறையைப் போடு என்றவர்களும் பறையை எடு என்றவர்களும் நம் இயக்கங்களில் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம் என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காக, எப்போது, என்ன கூலிக்கு அடிப்பது என்பதை அடிக்கிறவன் தீர்மானிக்க வேண்டும். அதில் அடிக்காமல் இருப்பதும் சேர்த்தி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்களே, எந்தச் சாவு வீட்டிலும் அவர்கள் தோளில் யாரும் அதை மாட்டவில்லை. அவர்களாக எடுத்தார்கள். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வைக் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினாரே, யாரும் கூலிப்படி அளக்கவில்லை. 2018இல் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோது கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் விருது பெற்ற பறை ஒரு பக்கம் இருக்க, ஊர்ச் சாவுக்கு வராவிட்டால் உதைக்கப்படுகிற பறையும் இன்னொரு பக்கம் இருக்கிறது. முதலாவதற்குக் கை தட்டுகிறவர்கள் இரண்டாவதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. என் கார்டைவிட நூறு மடங்கு இடம் அதில் உண்டு. வீட்டில் கிழவிகள் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள். கேட்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் அதுவும் பதில். பாடியவர் பெயரையும் ஊரையும் முதலில் பதியுங்கள். ‘நாட்டுப்புறப் பாடல், பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்று போடுகிற திருட்டு நமக்கு வேண்டாம். ஊர் பெயர் இருந்ததால்தான் ஜான் ஹர்ட் கிடைத்தார். காசு வந்தால் அவருக்குக் கொடுங்கள். பெஸ்ஸியின் 125 டாலரை மறக்காதீர்கள். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று அவரே சொல்லட்டும். மூன்று நிமிஷத்துக்கு வெட்டாதீர்கள்.

போன மாதம் அப்பாவிடம் திரும்பப் போனேன். அடிங்க என்று கேட்கவில்லை. சொல்லுங்க என்றேன். ஒரு மணி நேரம் சொன்னார். வேப்பங்கட்டையை வளைப்பது, தோல் கட்டுவது, வைக்கோல் தீயில் காய்ச்சுவது, எந்த அடிக்கு எந்தப் பெயர், பிணம் தெருவைத் திரும்பும்போது அடி எப்படி மாறும் என்பது. சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் தன்னையறியாமல் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரலால் தட்ட ஆரம்பித்தார். முரசு பறித்தபோது மேசையைத் தட்டினார்களே, அது எனக்கு ஞாபகம் வந்தது. போன் ஓடிக்கொண்டிருந்தது. முடித்ததும் சொன்னார்: ‘இது உனக்கு. உன் கூட்டத்துக்கு இல்ல.’

அதனால் அந்தப் பதிவை இன்று நான் கொண்டுவரவில்லை. கேட்க ஆசையாக இருக்கும், எனக்குத் தெரியும். எனக்கும் போட்டுக் காட்ட ஆசைதான். ஆனால் அது அவர் சொத்து. ஒருநாள் அவரே மனசு மாறி இந்தப் படியேறி வந்தால், பிளேயரை ஓரமாக வைத்துவிட்டு நாம் எல்லாரும் கேட்போம். வராவிட்டாலும் சரிதான்.

அடுத்த மாதம் யார் என்ன தட்டு கொண்டுவருகிறீர்கள் என்பதை இப்போது எழுதிக் கொடுங்கள். தட்டு இல்லாதவர்கள் வீட்டிலிருந்து ஒரு குரலைக் கொண்டுவாருங்கள். அனுமதியோடு.

ஜெய்பீம்.